பால்கறி மருமகன்

கொச்சிக்காய் என்று எழுதும்போதே எனக்கு வாயூறுகிறது. மிளகாய் என்று பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி, எங்கள் பக்கத்தில் அது கொச்சிக்காய்தான். பழஞ்சோற்றுக்குப் பச்சைக் கொச்சிக்காயைக் கடிக்கும்போது நறுக்கென்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்துக்காகவே காலையில் எழும்பலாம். காய்ந்த கொச்சிக்காயை, அதுதான் செத்தலை, தேங்காயெண்ணெயில் போட்டுக் கறுக்குமுன் எடுத்து, உப்பும் சின்ன வெங்காயமும் மாசிக் கருவாடும் சேர்த்து அம்மியில் நசுக்கி, தேசிக்காய் பிழிந்தால் கட்டசம்பல். அதைச் சுடுபாற்சோற்றில் வைத்து ஒரு வாய் தின்றுவிட்டு ஸ்ஸ்ஸ் என்று காற்றை இழுக்கிற நேரத்தில் யார் வந்து என்னிடம் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லிவிடுவேன். இன்னொன்று இருக்கிறது, சிங்களவர் நை மிரிஸ் என்கிற குண்டுக் கொச்சிக்காய். மஞ்சளாய்ச் சுருங்கிப்போய் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். மீன் ஆணத்தில் அதைக் கீறாமல் முழுசாகப் போட வேண்டும். கீறினால் போச்சு. ஆனால் நான் கீறித்தான் போடுவேன்.

உறைப்பில்லாத சாப்பாட்டைச் சாப்பாடு என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. அது பசியாறுதல். வைத்தியசாலையில் கிடப்பவர்கள் செய்வது.

எனக்கு ஒரு உடம்புவாசி உண்டு. உறைப்புச் சரியாக ஏறினால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். வேதனையில் இல்லை, சந்தோசத்தில். மூக்கும் ஓடும், நெற்றி வியர்க்கும், பேச்சு வராது. மண்டூரில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். அக்கா கறியைப் போட்டுவிட்டு என் கண்ணைத்தான் பார்ப்பாள். கண் கலங்கவில்லையென்றால் இன்றைக்குக் கறி சரிவரவில்லை என்று தானே சொல்லிவிட்டுப் போவாள். இந்தக் கண்ணீர்தான் என் கலியாண வாழ்க்கையின் முதல் ஆறு மாதத்தைப் பாழாக்கியது.

எங்கள் மட்டக்களப்பில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு மகளின் பேரில் எழுதப்படும். தாயும் தகப்பனும் முன்னறையை மகளுக்கும் மருமகனுக்கும் விட்டுவிட்டுக் பின்னால் சமைக்கிற குசினிப் பக்கத்து அறைக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படித்தான் நானும் ஒரு பெட்டியோடு மோட்டர் சைக்கிளைப் படகில் ஏற்றி, வாவியைக் கடந்து, செட்டிபாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். மாமா வாவியில் வலை போடுகிறவர். மாமிக்கு ஒரே மகள். அந்த ஒரே மகள் என் மனைவி.

வரும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினாள். பெண் வீட்டில் கறியில் குறை சொல்லாதே, சொன்னால் உன்னை இல்லை, எங்களை ஏசுவார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல்நாள் மத்தியானம் நண்டுக் கறி. அந்தக் கறியைப் பற்றி என்ன சொல்ல! மாமா விடிய வாவியில் பிடித்துவந்த நண்டு, ஒவ்வொன்றும் கை அகலம். மாமி செத்தலை வறுத்து அம்மியில் அரைத்திருந்தார். இடித்த தூளில் வைத்த கறி வேறு, அரைத்து வைத்த கறி வேறு, தின்றவனுக்குத் தெரியும். இறக்கும்போது முருங்கையிலை தூவியிருந்தார். நண்டின் காலைக் கடித்து உறிஞ்சினேன். முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் அடியில் மெல்லச் சூடு, பிறகு ஒரேயடியாக ஏறியது ஐயா, ஏறியது! காதுக்குள் கூவென்று ஒரு சத்தம். கண்ணால் தண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது. இந்த வீட்டில் சாகும்வரை இருப்பேன் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வாயில் இடமில்லை. தலையைக் குனிந்து மூன்று தரம் சோறு வாங்கித் தின்றேன்.

அந்த வீட்டில் மாமி மருமகனோடு நேருக்கு நேர் நின்று கதைப்பதில்லை. அது மரியாதை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, புள்ள அவருக்குச் சோறு போடு, புள்ள அவருக்குத் தண்ணி வை என்று மகளுக்குத்தான் சொல்வார். எனக்கு வரும் சொல்லெல்லாம் என் மனைவி வழியாகத்தான் வரும். அன்றைக்கும் மாமி அந்தக் கதவிடுக்கால்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். என்ன பார்த்தார்? புது மருமகன் வியர்த்து ஒழுகி, மூக்கை உறிஞ்சி, கண்ணீர் விட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் மரியாதைக்காகத் தின்று முடித்ததைப் பார்த்தார்.

அடுத்த நாள் கறி வெள்ளை.

முதலில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஒருநாள் வெள்ளைக் கறி வைப்பதுதானே. மூன்றாம் நாளும் வெள்ளை. உருளைக்கிழங்கு வெள்ளை, இறால் வெள்ளை, பருப்பு வெள்ளை. சம்பலும் வெள்ளை! சிவக்காத தேங்காய்ச் சம்பலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். நாலாம் நாள் நண்டு வந்தது. ஓடோடிப் போய்க் குந்தினேன். நண்டைப் பாலில் போட்டிருந்தார்கள். அத்தனை பெரிய நண்டை, மஞ்சளும் பெருஞ்சீரகமும் போட்டு, பாலில்! அந்த நண்டு என்ன பாவம் செய்தது?

அன்றைக்குப் பின்னேரம் மனைவி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, பெருமையாகச் சொன்னாள். என் கண்ணீரைப் பார்த்து மாமிக்கு இரவெல்லாம் நித்திரை இல்லையாம். மண்டூர் முருகன் கோயில் ஊர்க்காரர், விரதமும் மரக்கறியுமாக வளர்ந்த பிள்ளை, உறைப்புத் தாங்காது, வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார் என்று அழுதாவாம். இனி இந்த வீட்டில் உறைப்புச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டாராம்.

"உங்களுக்காகத்தான் அம்மா கொச்சிக்காயையே விட்டுட்டா. எப்பிடி, கறியெல்லாம் நல்லா இருக்கா?"

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து, இல்லை புள்ள, நான் அழுதது சந்தோசத்தில், உங்கள் அம்மாவின் பால்கறி எனக்குத் தொண்டையால் இறங்குதில்லை என்று எந்த மனிதன் சொல்வான்? நல்லா இருக்கு என்றேன். அவ்வளவுதான், அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். நாலாம் நாள் நல்லா இருக்கு என்றவன் பத்தாம் நாள் எப்படி மாற்றிச் சொல்வான்? இருபதாம் நாள்? ஒவ்வொரு நாளும் முடிச்சு இறுகிக்கொண்டே போனது.

எனக்கு இலேசில் கோபம் வரும். இந்தக் கோபத்தை யாரில் காட்டுவது? ஒருவரும் ஒரு பிழையும் செய்யவில்லை. அதுதான் எரிச்சல். வளவில் எட்டுக் கொச்சிக்காய்ச் செடி நிற்கிறது. காலையில் பார்த்தால் சிவக்கச் சிவக்கத் தொங்கும், பின்னேரம் வந்து பார்த்தால் பாதி இருக்காது. எங்கே போனது என்று கேட்டால் மனைவி குயில் தின்னுது என்பாள். குயில் கொடுத்துவைத்தது என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுப்பேன்.

திருட்டில் இறங்கினேன். காலையில் யாரும் பார்க்காத நேரம் மூன்று காயைப் பிடுங்கிச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுவேன். நான் வேலை செய்கிற கந்தோர் மட்டக்களப்பு டவுனில், முக்கால் மணித்தியாலம் ஓட்டம். கல்லடிப் பாலத்துக்கு முன்னால் மோட்டர் சைக்கிளை நிறுத்தி, ஒரு பணிஸ் ரொட்டியை வாங்கி, வாவியைப் பார்த்துக்கொண்டு பணிஸுக்கும் கொச்சிக்காய்க்கும் மாறிமாறிக் கடிப்பேன். கலியாணம் முடித்த, அரசாங்க உத்தியோகம் பார்க்கிற ஒருவன் ரோட்டோரம் நின்று செய்கிற வேலையா இது? ஒருநாள் தின்ற கையால் கண்ணைத் துடைத்துவிட்டு அரை மணித்தியாலம் பாலத்தடியில் குருடன்போல் நின்றேன். வழியால் போன ஒரு அம்மா வீட்டில் ஏதும் துக்கமா என்று விசாரித்தார். ஓம் என்று சொன்னேன்.

என்னைக் காப்பாற்றியவர் கந்தோரில் அடுத்த மேசையில் இருந்த காத்தான்குடிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு வயிற்றெரிவு, வைத்தியர் உறைப்பைத் தொடாதே என்றிருக்கிறார். அவர் வீட்டிலோ உறைப்பில்லாமல் சமைக்கத் தெரியாது. ஒரு மத்தியானம் அவர் தன் சோற்றுப் பார்சலைப் பிரித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். நானும் என்னுடையதைப் பிரித்துவிட்டுப் பெருமூச்சு விட்டேன். இரண்டு பேரும் ஒருவர் பார்சலை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு பேச்சு என்ன பேச்சு? பார்சல் மாறியது.

மாமி கட்டித் தருவது மீனும் மரக்கறியும்தான் என்பதால் முஸ்லிமான அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. அவர் மாமியின் பால்கறியைத் தின்றுவிட்டு விரலை நக்குவார். தம்பி, உங்கட மாமிட கைக்குத் தங்க வளையல் போடலாம் என்பார். உண்மைதான். நானும் பிறகு நாலு வாய் ருசித்துப் பார்த்தேன், அந்த வெள்ளைக் கறி அதனளவில் மோசமில்லை. ஆனால் நான் அவர் வீட்டு இறைச்சிக் கறியில் கிடந்தேன். மிளகும் செத்தலும் சேர்ந்து, எலும்பு வரைக்கும் உறைப்பு ஏறியிருக்கும். பார்சல் கொண்டுவந்த பெட்டியை வெறுமையாக வீட்டுக்குக் கொண்டுபோவேன், மாமிக்கு மகள் சொல்வாள், இன்றைக்கும் ஒரு பருக்கை மிச்சம் விடவில்லை என்று. அடுத்த நாள் மாமி இன்னும் கொஞ்சம் பால் கூட்டி வைப்பார்.

ஐந்து மாதம் இப்படி ஓடியது. பிறகு அவருக்கு ஓட்டமாவடிப் பக்கம் இடமாற்றம் வந்தது. கந்தோரில் பிரியாவிடை வைத்தார்கள். நான் பேச எழும்பினேன், அழுகைதான் வந்தது. எல்லாரும் என் பாசத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பாதி அழுகை பார்சலுக்கு.

அதோடு என் பொறுமை முடிந்தது. ஒரு கிழமை மூன்று நேரமும் வெள்ளைச் சாப்பாடு. எட்டாம் நாள் டவுனில் வாடகை வீடு பார்க்கத் தொடங்கினேன். தனியாக இருந்தால் என் மனைவி உறைப்பாகச் சமைத்துத் தருவாள், அவளுடைய அம்மாவின் மனமும் நோகாது. இதுதான் என் கணக்கு. வெளியில் சொன்ன காரணம் வேறு: தூரம், மழைக்காலம், ரோடு, களைப்பு.

மனைவி எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். கொடியில் கிடந்த உடுப்பை எடுத்து மடித்தாள், மடித்ததையே திரும்ப விரித்து மடித்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மாக்கு நான் எப்பிடிச் சொல்ற? எனக்குத் தந்த வீட்ட விட்டுட்டு நான் போனா, ஊர் அம்மாவத்தான் கேக்கும், மருமகனுக்கு என்ன குறை வச்ச எண்டு."

அது எனக்குத் தெரியாமலில்லை. பெண்ணுக்குக் கொடுத்த வீட்டை விட்டு மருமகன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் அது ஊரில் பெரிய பேச்சு. மாமிக்கு இருப்பது ஒரே மகள். வீட்டை மகளுக்கு எழுதிவிட்டுப் பின்னறையில் ஒதுங்கியவருக்கு, மகளும் போனபின் அந்த முன்னறையில் என்ன இருக்கும்? எல்லாம் தெரிந்துதான் செய்தேன். நான் கெட்டவன் இல்லை, வீட்டில் உறைப்பு இல்லாமல் ஆறு மாதம் இருந்தவன்.

மாமிக்குச் செய்தி போன நாளிலிருந்து கதவுக்குப் பின்னால் குரல் நின்றுவிட்டது. புள்ள அவருக்குச் சோறு போடு என்கிற சத்தமே இல்லை. மாமி என்மேல் கோபம் என்று நினைத்தேன். இருக்கட்டும், எனக்கும்தான் கோபம் என்று நானும் முறைப்பாகத் திரிந்தேன். உள்ளுக்குள் குறுகுறுத்தது.

இரண்டு கிழமையில் வீடு சரிவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் வீட்டுக்காரரிடம் கதவுத் திறப்பை வாங்கினேன். லொறிக்கும் முன்பே சொல்லியாச்சு, ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுவது என்று திட்டம். செட்டிபாளையம் சந்தியில் பின் டயர் காற்றுப் போய்விட்டது. மோட்டர் சைக்கிளை ஒட்டுக் கடையில் விட்டுவிட்டு, திறப்பைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ஒழுங்கையால் நடந்து போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான்.

ஒழுங்கையில் திரும்பினதும் மணம் வந்தது. செத்தல் வறுபட்டு, அரைபட்டு, நண்டோடு கொதிக்கிற மணம். அடுத்தடுத்து நாலு தும்மல். எந்த வீட்டுப் பாக்கியசாலி என்று ஒவ்வொரு வேலியாக மோந்துகொண்டே நடந்தேன். மணம் கூடிக்கொண்டே போய் எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றது. நம்பமுடியவில்லை. முன்பக்கம் போகாமல் வளவால் சுற்றிக் குசினிக்குப் பின்னால் போனேன்.

முருங்கை மரத்தடியில் பாய் விரித்திருந்தது. பாயில் மாமா, மாமி, என் மனைவி. நடுவில் சட்டி. சட்டிக்குள் நண்டு, செக்கச் சிவந்த நண்டு. பக்கத்தில் கட்டசம்பல், வறுத்த செத்தல், கடிக்கப் பச்சைக் கொச்சிக்காய். மூன்று பேருக்கும் மூக்கு ஓடுகிறது, நெற்றி வியர்க்கிறது, ஸ்ஸ்ஸ் என்று ஆளுக்கு ஆள் காற்றை இழுக்கிறார்கள். இராச்சாப்பாட்டுக்கு என் முன்னால் இருந்து வெள்ளைக் கறியில் நாலு வாய் கொறித்துவிட்டுப் பசியில்லை என்று எழும்புகிற என் மனைவி, ஒரு நண்டுக் காலை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். குயில் இதுதான்!

என்னைக் கண்டதும் எல்லாம் நின்றது. மாமா வாயில் வைத்த நண்டை எடுக்கவும் இல்லை, கடிக்கவும் இல்லை. மனைவி சோற்றுக் கோப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். மாமி சட்டியின் மேல் முந்தானையைப் போட்டு மூடினார்.

எனக்கு வந்த கோபம்! நான் பாலத்தடியில் பணிஸோடு நின்றேன். ஆறு மாதம் பால் நண்டு தின்றேன். எனக்காக உறைப்பை விட்டார்கள் என்று நினைத்து ஒவ்வொரு நாளும் நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போனது. இங்கே நான் படலையைத் தாண்டினதும் ஒவ்வொரு நாளும் திருவிழா! இது எத்தனை நாளாக நடக்குது என்று கத்தினேன்.  பின்வேலியில் நின்ற பூனை ஓடிவிட்டது.

அப்போது மாமி எழும்பினார். கதவு இல்லை, மகளும் நடுவில் இல்லை. கை முழுக்கச் சிவப்புக் குழம்போடு எனக்கு முன்னால் வந்து நின்று, ஆறு மாதத்தில் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"கோவிக்காதீங்க மகன். எங்களுக்கு இது இல்லாம ஏலா. உங்களுக்கு வேறயா ஆக்கி மூடி வச்சிருக்கன்."  குரல் இறங்கியது. "நீங்க டவுனுக்குப் போறதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. இவளுக்குப் பால்கறி வைக்கத் தெரியா. ரெண்டு கிழமையாப் பழக்கிறன், கைக்கு வருதில்ல. அங்க போனா உங்களுக்கு ஆர் மகன் உறைப்பில்லாம ஆக்கித் தாற?"

 கதவுக்குப் பின்னால் குரல் நின்றது கோபத்தால் இல்லை. அந்த இரண்டு கிழமையும் அவர் அடுப்படியில் மகளுக்குப் பால்கறி படிப்பித்துக்கொண்டிருந்திருக்கிறார். மகளைக் கொண்டு போகிறவனுக்கு, அவன் போகிற இடத்தில் நாக்கு எரியக்கூடாது என்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சேட்டுப் பையில் கிடந்த திறப்பு நெஞ்சில் குத்துவது தெரிந்தது.

பாயில் குந்தினேன். சட்டியின் மேல் கிடந்த முந்தானை மாமியோடு போயிருந்தது. சட்டி திறந்து கிடந்தது. மனைவி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கோப்பையை வாங்கி, நண்டை எடுத்துப் போட்டு, சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். முதலில் இனிப்பு. பிறகு அடிநாக்கில் சூடு. பிறகு ஆறு மாதப் பட்டினிக்கும் சேர்த்து ஒரேயடியாக ஏறியது. கண்ணிரண்டும் கொட்டத் தொடங்கின.

ஐயோ சீனி கொண்டுவா புள்ள என்று மாமி குசினிக்கு ஓடப் போனார். இருங்க மாமி என்று மறித்தேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சொன்னேன்.

"எனக்கு ருசியா இருந்தாத்தான் கண்ணால தண்ணி வரும். அண்டைக்கும் அதுதான் வந்த. பால்கறி எனக்குத் தொண்டையால இறங்கல்ல மாமி. இதுக்கும் உறைப்புக் காணா, இன்னும் வேணும்."

 மாமி மாமாவின் பக்கம் திரும்பி, கோயில் ஊர்க்காரர் தாங்கமாட்டார் எண்டு சொன்ன ஆள் நீங்கதானே என்று ஒரு ஏச்சு விட்டார் பாருங்கள், ஆறு மாத வெள்ளைக் கறிக்கும் வட்டியோடு சேர்த்து. மாமா அதற்குப் பிறகுதான் வாயிலிருந்த நண்டைக் கடித்தார். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. சிரித்ததில் உறைப்பு மூக்கில் ஏறி இருமினேன். மனைவி என் முதுகில் தட்டினாள், தட்டிக்கொண்டே அவளும் சிரித்தாள், அழுதாள்.

மாமி போய்ப் பச்சைக் கொச்சிக்காய் இன்னும் நாலைப் பிடுங்கிக் கழுவிக்கொண்டு வந்து என் கோப்பையில் போட்டார். பிறகு உள்ளே போகவில்லை. எனக்கு எதிரில், அதே பாயில், தன் கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டு இருந்து தின்னத் தொடங்கினார். மாமியும் மருமகனும் எதிரும் புதிருமாக இருந்து மூக்கு உறிஞ்சினோம். ஒருவரும் துடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் போக மனைவி மெதுவாகக் கேட்டாள், மறுகா அந்த டவுன் வீடு என்ன மாதிரி என்று. எனக்கு வாய் நிறைய நண்டு. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் நம்பவில்லை. சாமான் ஏத்த லொறிக்குச் சொன்னீங்களே, திறப்பு எடுத்தீங்களா, அவங்களுக்கு என்ன சொல்லப்போறீங்க என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள்.

மாமி தன் கோப்பையில் கிடந்ததிலேயே பெரிய காலை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார்.

"சும்மா இரு புள்ள," என்றார் மகளிடம். "என்ர மகன் தின்னட்டும்."